எண்ணூர்க் கடற்கரைச் சீமையில் ஸ்பேனியல் நாய் வளர்ப்பு

களத்தைக் காக்கவும் தோப்பைக் காக்கவும் நாய் வளர்ப்பது நம் குடியானவர்களுக்குப் பழகிய காரியம். அந்த நாய்க்குச் சட்டியில் மீந்த சோறும், படுக்க ஒரு சாம்பல் மேடும் இருந்தால் போதும். அதன் மயிரைச் சீவி விடுவாரும் இல்லை. காதைத் தூக்கிப் பார்ப்பாரும் இல்லை. ஆயினும் அது பல வருஷம் திடமாக இருந்து தன் வேலையைச் செய்து விடுகிறது. இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டே ஸ்பேனியல் என்னும் சீமை நாயை வாங்கி வளர்க்கத் தலைப்படுவோர் பெரிதும் ஏமாந்து போகின்றனர்.

இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வழியாக மீஞ்சூர், பொன்னேரி வரையில் செல்லும் கடற்கரைச் சீமை, ஒருபுறம் துறைமுகங்களும் ஆலைகளும், மற்றொருபுறம் நெல் வயலும் உப்பளமும் உப்பங்கழியுமாக அமைந்தது. இப்பகுதியில் நிலமுடையோர் பலருக்குப் பட்டணத்திலும் ஒரு வீடு உண்டு. பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பட்டணத்தில் ஒரு குட்டியை வாங்கிக் கூடையில் வைத்து ஊருக்குக் கொண்டுவருவது இக்காலத்தில் சாதாரணமாகி விட்டது. குட்டி பார்வைக்கு மிக அழகு. பழகுவதற்கு மிக இனிது. ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அதன் காதிலிருந்து துர்நாற்றம் எழும்புகிறது. இரண்டாவது கோடையில் மயிர் சடையாகித் தோல் புண்ணாகிறது. வீட்டார் முகம் சுளித்துத் திண்ணையில் கட்டுகிறார்கள். பிறகு கொல்லையில் கட்டுகிறார்கள். சிலர் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடவும் துணிகிறார்கள். நாயின் மீது குற்றமில்லை. அது எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதனை அறியாமல் வாங்கியதே குற்றம்.

வந்த வழி

ஸ்பேனியல் என்ற பெயர் ஸ்பெயின் தேசத்தின் பெயரை ஒட்டியது என்பர். இவ்வினத்தில் பல பிரிவுகள் உண்டு. நம் நாட்டில் அதிகமாகக் காணப்படுவது காக்கர் ஸ்பேனியல். இங்கிலாந்தில் உள்ளான் ஜாதியைச் சேர்ந்த உட்காக் என்னும் காட்டுப் பறவையைப் புதரிலிருந்து கிளப்பி விடுவதற்கு இந்த நாயைப் பழக்கினமையால் காக்கர் என்ற பெயர் வந்தது. வேட்டைக்காரன் துப்பாக்கியுடன் நிற்பான். நாய் முள்ளிலும் சேற்றிலும் நுழைந்து பறவையைக் கிளப்பும். சுடப்பட்டு விழுந்ததை வாயில் மெதுவாகக் கவ்விக்கொண்டு வரும். 1879-ஆம் வருஷம் பிறந்த ஓபோ என்ற ஆண் நாயிலிருந்தே இக்கால காக்கர் வமிசம் விரிந்ததாகச் சொல்வது வழக்கம். அமெரிக்காவில் இதே நாயை உருவத்தில் சிறிதாகவும் மயிரில் அடர்த்தியாகவும் வளர்த்து வந்தனர். அங்கே 1946-ஆம் வருஷத்தில் இரண்டும் வெவ்வேறு ஜாதிகளாகப் பதிவு செய்யப்பட்டன. வாங்குவோர் இந்த வேற்றுமையை அறிதல் அவசியம். ஏனெனில் அமெரிக்க வகையின் மயிர்ச் சுமை நம் கடற்கரைக்கு இன்னும் ஒவ்வாதது.

சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கும் ஸ்பேனியலுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் வட தேசங்களிலிருந்து வரும் உள்ளான் குருவிகள் நம் நெல் வயல்களின் சேற்றில் இரை தேடும். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு அந்த வேட்டையில் மிகுந்த பிரியம் இருந்தது. அதற்கு ஏற்ற நாய் என்று ஸ்பேனியலைத் தங்கள் தேசத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தனர். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்கு இடமில்லாமற் போயிற்று. வேலை போயிற்றே ஒழிய நாயின் சுபாவம் போகவில்லை. இன்றும் ஒரு காக்கரை வரப்பில் விட்டால், மூக்கைத் தரையில் பதித்து வாலை ஆட்டிக்கொண்டு புல்லையும் சேற்றையும் துழாவத் தொடங்கி விடும். கூப்பிட்டால் உடனே வராது. பிள்ளைகள் அதனைப் பிடிவாதம் என்று நினைப்பார்கள். அது அதன் குலத்தொழில். அந்த மூக்கின் கூர்மையை இக்காலத்தில் பல நாடுகளின் சுங்க இலாகாக்களும் போலீஸாரும், சரக்குகளில் மறைத்த வெடிமருந்தையும் போதைப் பொருள்களையும் கண்டுபிடிக்கப் பயன்படுத்துகின்றனர்.

உருவமும் குணமும்

ஆங்கிலக் காக்கர் தோளுயரம் ஏறக்குறைய 15 முதல் 16 அங்குலம் வரை இருக்கும். எடை 13 முதல் 14½ கிலோகிராம். உடல் கட்டுக்கோப்பாக, நீளத்துக்கும் உயரத்துக்கும் பெரிய வித்தியாசமின்றி இருக்க வேண்டும். காதுகள் கண்ணின் மட்டத்தில் தொடங்கித் தொங்கும். இழுத்துப் பார்த்தால் மூக்கு நுனி வரை எட்டும். கறுப்பு, பொன்னிறம், செந்நிறம், கபிலம், வெள்ளையோடு நீலம் கலந்த புள்ளி நிறம் எனப் பல வர்ணங்கள் உண்டு. நல்ல காக்கருக்கு நடக்கும்பொழுதெல்லாம் வால் ஓயாது ஆட வேண்டும். வால் ஆடாத காக்கர் நோயுற்றது என்றோ பயந்தது என்றோ கொள்ளலாம். முற்காலத்தில் குட்டியின் வாலை நறுக்கி விடுவது வழக்கம். அது தேவையற்ற கொடுமை. நாய் இனப்பெருக்கம், விற்பனை சம்பந்தமாக 2017-இல் வந்த மத்திய சர்க்கார் விதிகள் அதனை அனுமதிப்பதில்லை.

மனிதரை விட்டுப் பிரிந்திருக்க இந்த நாயால் ஆகாது. வீட்டில் எந்த அறைக்கு யார் போனாலும் பின்னால் போகும். சிறு பிள்ளைகளோடு நன்றாகப் பழகும். அடித்து வளர்த்தால் மனம் ஒடிந்து, ஒளிந்து சிறுநீர் விடும் வழக்கம் ஏற்பட்டு விடும். தோப்புக் காவலுக்கோ, மோட்டார் கொட்டகைக் காவலுக்கோ இதனை வைப்பது வீண். திருடன் வந்தாலும் இரண்டு தடவை குரைத்துவிட்டுப் பின்பு அவன் கையை நக்கினாலும் நக்கும். காவலுக்கு நாய் வேண்டுவோர் கோம்பை, இராஜபாளையம் முதலிய நம் ஜாதிகளைத் தேடுவதே முறை. அவை இந்த மண்ணின் வெயிலுக்குப் பிறந்தவை. ஸ்பேனியலை வீட்டுத் துணையாக மட்டுமே வாங்க வேண்டும். அதுவும் தினம் அரை மணி நேரம் அதன் மயிருக்கும் காதுக்கும் செலவிட வீட்டில் ஓர் ஆள் உறுதியாக ஒப்புக்கொண்ட பின்பே வாங்க வேண்டும்.

குட்டி எட்டு வாரம் நிரம்பியதாக இருக்கட்டும். மேற்சொன்ன 2017 விதிகளின்படி அதற்கு முன் விற்கலாகாது. இனவிருத்தி செய்து விற்போர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிந்திருக்கவும் வேண்டும். கடையில் கூண்டிலிருக்கும் குட்டியைப் பார்த்து மயங்காமல், தாய் நாயைக் காட்டும்படி கேட்பதே உத்தமம். தாயின் காதை மோந்து பார்த்தாலே பாதி சங்கதி தெரிந்து விடும். தாயையும் தகப்பனையும் கண் நோய்க்குச் சோதித்த பத்திரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுப் பத்திரம் வமிசத்தைக் காட்டுமே அன்றி ஆரோக்கியத்தைக் காட்டாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

காது

ஸ்பேனியல் வளர்ப்பில் முக்கால் பங்கு தொல்லை காதில் இருக்கிறது. ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும்.

நாயின் காதுக் குழல் மனிதனுடையதைப் போல நேரானதன்று. நம் குடியானவர்கள் கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் துளை போடுவதுண்டு. அதைப் போலவே நாயின் காதுக் குழலும் முதலில் கீழ்நோக்கி இறங்கி, அடியில் தலைக்குள் திரும்புகிறது. கிணற்றில் விழுந்த சருகு வெளியே வராதது போல அழுக்கும் ஈரமும் அந்தத் திருப்பத்தில் தங்கி விடும். நாட்டு நாயின் நிமிர்ந்த காதில் காற்றும் வெளிச்சமும் புகுந்து அதனை உலர்த்துகின்றன. காக்கரின் காதிலோ கனத்த மடல் மூடியாக விழுந்து கிடக்கிறது. குழலுக்குள்ளேயே மயிர் முளைக்கிறது. குறும்பி சுரக்கும் கோளங்களும் மற்ற நாய்களைவிட மிகுதி. இத்துடன் எண்ணூர்க் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால், நுண்கிருமிகளும் பூஞ்சைகளும் பெருகுவதற்கு வேறு என்ன வேண்டும்?

முதல் அறிகுறி நாற்றம். புளித்த மாவின் வாடை போலிருக்கும். பிறகு நாய் தலையை உதறும், காதைத் தரையில் தேய்க்கும், பின்னங்காலால் சொறியும். உள்ளே கபில நிறமான பசை காணும். இந்த நிலையில் வைத்தியரிடம் கொண்டுபோனால் சில வாரச் சிகிச்சையில் குணமாகிவிடும். இதையும் விட்டால் சீழ் பிடிக்கும். உதறும் வேகத்தில் மடலுக்குள் இரத்தம் கட்டி அப்பளம் போல் வீங்கும். வருஷக்கணக்கில் அலட்சியம் செய்யப்பட்ட காதில் குழலின் சுவர் தடித்து, எலும்பாகவே இறுகி, வழி அடைபட்டுப் போகிறது. அப்புறம் மருந்து உள்ளே இறங்க வழியில்லை. குழல் முழுவதையும் அறுத்தெடுக்கும் பெரிய ரணசிகிச்சை ஒன்றே கதி. அந்தக் காதின் கேள்வியும் பெரும்பாலும் போய்விடும். நாய் அதுவரை அனுபவிக்கும் வேதனையை, காதுக் குத்தலால் ஓர் இரவு தூங்காதவர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

இதைத் தடுக்கச் செய்ய வேண்டியது மிகச் சுலபம். வாரம் ஒரு முறை மடலைத் திருப்பி மோந்து பார்க்க வேண்டும். மடலின் உட்புறத்திலும் துவாரத்தைச் சுற்றியும் உள்ள மயிரைக் கத்தரியால் குட்டையாக வெட்டிக் காற்றுக்கு வழி விட வேண்டும். வைத்தியர் சொல்லும் காது கழுவும் திரவத்தை உள்ளே விட்டு, அடிக்காதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிசைந்து, நாயை உதற விட்டு, மேலே வந்த அழுக்கைப் பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே நுழைப்பது அழுக்கைத் திருப்பத்துக்குள் கெட்டித்துவிடும். தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, மஞ்சள் தூள் போடுவது, மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடுவது ஆகிய மூன்றும் நம் வீடுகளில் வழக்கம், மூன்றும் தவறு. செவிப்பறை கிழிந்திருக்கும்பொழுது ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே சென்றால் செவிடாக்கி விடக்கூடும். ஆதலால் வைத்தியர் கருவி கொண்டு உள்ளே பார்த்த பின்பே சொட்டு மருந்து விடுவது தக்கது.

சாப்பிடும்பொழுது காது சோற்றில் தோய்வது மற்றொரு தொந்தரவு. அகன்ற தட்டை விட்டு, வாய் குறுகி அடி அகன்ற கனமான கிண்ணத்தில் வைத்தால் வாய் மட்டும் உள்ளே போகும், காது வெளியே விழும். அது கிடைக்காவிட்டால் பழைய காலுறையின் நுனியை வெட்டித் தலையில் மாட்டிக் காதுகளைப் பின்னால் அடக்கி வைக்கலாம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், நாய் ஆட்சேபிக்காது.

மயிரும் தோலும்

தினமும் சீவ வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம், பாதத்தின் விரலிடுக்கு ஆகியவற்றில் சடை முதலில் விழும். சடை விழுந்த இடத்தில் ஈரம் உலராமல் இரண்டே நாளில் தோல் வெந்து புண்ணாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலும் காலிலும் உள்ள நீள மயிரைக் குறைப்பது நம் சீமைக்கு ஏற்றது. ஆனால் கோடை என்று எண்ணித் தோல் தெரிய மழிப்பது கூடாது; ஓர் அங்குலமாவது இருந்தால்தான் வெயில் தோலைச் சுடாமல் தடுக்கும். கடலில் குளித்த நாயை நல்ல நீரில் அலசி, காதையும் பாதத்தையும் துவட்டி உலர்த்திய பின்பே வீட்டில் விட வேண்டும். உதட்டின் கீழ் மடிப்பையும் துடைப்பது நன்று. அங்கே எச்சில் தேங்கி நாறும்.

எண்ணூர்ப் பக்கத்தாருக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தும் உண்டு. 2017-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. 2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திலும் குடியிருப்புகளிலும் படிந்தது. இப்படிப்பட்ட சமயத்தில் நீள மயிருள்ள நாய் வெளியே போய் வந்தால் மயிர் முழுவதும் எண்ணெயை உறிஞ்சிக் கொள்ளும். அதனை நக்கி நக்கி வயிற்றுக்குள் அனுப்பும். உடனே வாயைத் துணியால் தளர்வாகக் கட்டியோ கழுத்தில் அட்டை வளையம் போட்டோ நக்காமல் தடுத்து, முதலில் உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைத் தேய்த்து வெதுவெதுப்பான நீரில் பல முறை கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது விஷத்தின் மேல் விஷம். எண்ணெயை விழுங்கி விட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்கச் செய்யாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். வாந்தியில் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது அரிது.

உண்ணி

காதுக்கு அடுத்த பெரும் பகை உண்ணி. மாட்டு உண்ணி வேறு, நாய் உண்ணி வேறு. நாயைப் பிடிக்கும் கபில நிற உண்ணி இரத்தம் குடித்து நிரம்பியதும் கீழே விழுந்து, சுவர் மீது ஏறி, விரிசலிலும் நிலைப்படிச் சந்திலும் புகுந்து கொள்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவ்வாறு பிறந்தவை இரையின்றியே மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகையால் நாயின் உடம்பில் காண்பது பகைவரின் சிறு படையே. பெரும் படை சுவரில் இருக்கிறது. நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, படுக்குமிடத்தின் விரிசலைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்காமலும், படுக்கைத் துணியை வெந்நீரில் போடாமலும் இருப்போர் வருஷம் முழுவதும் உண்ணி பிடுங்கிக் கொண்டேயிருப்பார்கள்.

இரத்தம் குறைவது மட்டுமே தீங்கன்று. உண்ணியின் வழியாக எர்லிச்சியா, பபேசியா என்னும் நுண்கிருமிகள் நாயின் இரத்தத்தில் சேர்கின்றன. நாய் சோர்ந்து படுத்து, ஆகாரம் மறுத்து, சுரம் கண்டு, ஈறு வெளுத்திருந்தால் உண்ணிச் சுரம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வடிவதும், சிறுநீர் காப்பி நிறமாவதும் முற்றிய அறிகுறிகள். இரத்தப் பரிசோதனை செய்து முழுக் காலமும் மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும். நாலு நாளில் நாய் எழுந்து ஓடுகிறது என்று மாத்திரையை நிறுத்துவோர் அதே நோயை மறுபடி வரவழைத்துக் கொள்கிறார்கள்.

குடியானவர் வீட்டில் மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தும் பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தும் எப்பொழுதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மாட்டுக்குரிய அளவில் கலந்த மருந்தை 13 கிலோ எடையுள்ள நாயின் மேல் ஊற்றி, அது நக்கியதால் வாயில் நுரை தள்ளி வலிப்புக் கண்ட சம்பவங்கள் கால்நடை வைத்தியர்களுக்குப் புதியவை அல்ல. பயிர் மருந்து எந்த அளவிலும் ஆகாது. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ கொடுக்கும் மாத்திரைகள் இப்பொழுது உள்ளன; விலை சற்று அதிகம்தான்; ஆயினும் உண்ணிச் சுரத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். வலிப்பு நோய் உள்ள நாய்க்கு அவற்றைக் கொடுக்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கையால் எடுக்கும்பொழுது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடாது.

ஆகாரமும் வெயிலும்

காக்கர் பசிக்காகத் தின்பதில்லை, கிடைத்ததற்காகத் தின்னும். கெஞ்சும் கண்ணைப் பார்த்து வீட்டார் ஆளுக்கு ஒரு பிஸ்கத்து போட்டால், ஒரு வருஷத்தில் திண்டு போலாகி விடும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. இதுவே அளவு. எட்டு வாரக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை போதும். தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது குட்டியைப் பட்டினி போடுவதற்குச் சமானம்; முட்டையோ கோழியோ மீனோ அதனுடன் சேர வேண்டும். காசிமேட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு மீன் மலிவு. வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம். கருவாடு உப்பு மிகுந்ததால் ஆகாது. வலையிலிருந்து கழித்துக் கரையில் எறியும் பேத்தை மீனில் கொடிய விஷம் உண்டு. கடற்கரையில் நாயை அவிழ்த்து விடுவோர் அதனைக் கவனிக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழியெலும்பு இவற்றை விலக்க வேண்டும்.

கோடையில் காலை ஆறரை மணிக்குள்ளும், சூரியன் மறைந்து தார் ரோடு ஆறிய பின்பும் மட்டுமே நடத்திச் செல்ல வேண்டும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. தகரக் கூரையின் கீழ் கட்டுவது பெரும் பாவம். நாயின் இயல்பான உஷ்ணம் பாரன்ஹீட் 101 முதல் 102½ டிகிரி. 105-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகித் தள்ளாடினால், நிழலில் கிடத்திச் சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறிக் கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பூசியும் அனுமதியும்

ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ நோய்களுக்கான முதல் ஊசி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பதினாறு வாரம் வரை மறுபடியும். குடற்புழு மருந்து குட்டியிலேயே தொடங்க வேண்டும். கிடங்குகளும் எலிகளும் மிகுந்த இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதியில் மழை நீரில் எலியின் சிறுநீர் கலப்பதால், எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் விடலாகாது. அந்த நோய் நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும்.

வெறிநாய்க்கடி நோய்க்கு மூன்றாவது மாதத்தில் ஊசி போட்டு, வைத்தியர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும், பின் வருஷந்தோறும் ஊசியும் போட வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாசற்கதவு ஒரு நாள் திறந்திருந்தால் போதுமே. கிராம உத்தியோகஸ்தர்கள் ஊரில் உள்ள வளர்ப்பு நாய்களின் கணக்கையும் ஊசி போட்ட தேதியையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தால், முகாம் நடக்கும்பொழுது எவரும் விடுபடார். கடித்தது வீட்டு நாயே ஆயினும், கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் வைத்துக் கட்டி அனுப்பும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள் தடுக்க வேண்டும். இந்நோய் வெளிப்பட்ட பின் மனிதரைக் காப்பாற்ற மருந்தில்லை எனலாம்.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபடியால் அங்குள்ளோர் நாய்க்கு மாநகராட்சி அனுமதி பெற வேண்டும். வளர்த்த நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றம்.

வைத்திய வசதிக்கு இப்பகுதியில் குறைவில்லை. வேப்பேரியில் 1903-இல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் காது, கண், தோல் முதலியவற்றுக்குத் தேர்ந்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். அக்கல்லூரி சேர்ந்துள்ள பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணையில் உள்ளது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தார் அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டிவிட்டு, அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு வேப்பேரிக்குப் போவது அலைச்சலைக் குறைக்கும்.

கண்ணும் முதுமையும்

சில காக்கர் வமிசங்களில் விழித்திரை சிறிது சிறிதாகத் தேய்ந்து குருடாகும் நோய் உண்டு. தாய் தகப்பன் இரண்டும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்திருந்தால், அவற்றின் கண் நன்றாயிருந்தும் குட்டிக்கு வரும். முன்னரே சோதித்த பத்திரம் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே. மாலை வெளிச்சத்தில் நாய் படியிறங்கத் தயங்குவது முதற்குறி. இதற்கு வைத்தியமில்லை. ஆயினும் நாய் பெரிதாக வருந்துவதில்லை. மூக்கு அதற்குக் கண்ணாகி விடுகிறது. அந்த வீட்டில் கட்டிலையும் பெட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாமல் வைத்து, கிணற்றுக்கும் மொட்டை மாடிப் படிக்கும் தடுப்பு அமைத்து, தொடுமுன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பன்னிரண்டு பதின்மூன்று வயது வரையிலும் அது வாலை ஆட்டிக்கொண்டு அறைக்கு அறை வீட்டாரின் பின்னால் வந்துகொண்டிருக்கும்.